கைக்கு வராத அடுக்குமாடி வீடு: வட்டி கேட்க முடியுமா?

கேள்வி: குன்னூரில் பதினாறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் 900 சதுர அடி வீடு ஒன்றை 52 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்து, 46 லட்சம் செலுத்திவிட்டேன். 2023 ஜூனில் ஒப்படைத்திருக்க வேண்டும். மழையாலும் அனுமதித் தாமதத்தாலும் வேலை நின்றது என்கிறார் கட்டுநர். புதிய தேதிக்குச் சம்மதித்துக் கையெழுத்திடச் சொல்கிறார். தாமதத்துக்குச் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் மட்டுமே தருவாராம். வாடகையும் வங்கித் தவணையும் சேர்ந்து நெருக்குகின்றன. என்ன செய்யலாம்?
- வாசகி, குன்னூர்

பதில்: அந்தச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். புதிய தேதியை நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள் என்று நாளை வாதிட அது இடம் கொடுக்கும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) 18ஆம் பிரிவு முடிவை உங்களிடமே விட்டிருக்கிறது. விலகிக்கொள்வதானால் செலுத்திய தொகை முழுவதையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். வீடுதான் வேண்டுமென்றால், ஒப்படைக்கும் நாள்வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதிகளின்படி இந்த வட்டி, ஸ்டேட் வங்கியின் எம்.சி.எல்.ஆர். (கடன்களுக்கு வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டி) விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். ஒரு கணக்குக்காக ஆண்டுக்கு 10 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 46 லட்சத்துக்கு மாதம் 38,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. கட்டுநர் தருவதாகச் சொல்வதோ 4,500 ரூபாய். இப்படி ஒருதலைப்பட்சமாக எழுதப்பட்ட ஒப்பந்த விதிகள் வீடு வாங்கியவரைக் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2019இலேயே கூறிவிட்டது.

மழைக் காரணம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களுக்காகத் திட்டப் பதிவை நீட்டிக்கச் சட்டம் இடமளிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும் என்பது அங்கே கட்டடம் கட்ட வருபவர் அறியாத செய்தியா? அனுமதி விஷயமும் அப்படித்தான். எட்டு வீடுகளையும் 500 சதுர மீட்டர் நிலத்தையும் தாண்டிய திட்டத்தை ரெரா சட்டத்தின்கீழ் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதே அனுமதிகளின் நகல்களை இணைத்தாக வேண்டும். ஆகவே பதிவு எண்ணை வைத்து, இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் திட்ட விவரத்தைப் பாருங்கள்: கட்டுநர் அங்கே அறிவித்திருக்கும் நிறைவுத் தேதி உங்களுக்கு நல்ல சான்றாகும். மேலும், எதிர்பாராத நிகழ்வுகள் எவையாயினும் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை நிபந்தனையற்றது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

பணத்தைத் திரும்பப் பெறவோ, தாமத வட்டிக்கோ இந்த ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்ய வேண்டும். வாடகை இழப்பு, மன உளைச்சல் ஆகியவற்றுக்கான இழப்பீட்டை, அதை முடிவு செய்வதற்கென அங்கே உள்ள தீர்ப்பு அலுவலரிடம் தனி மனுவாகக் கேட்க வேண்டும். சென்னைக்கு அலைய விருப்பமில்லையென்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். செலுத்திய தொகை 50 லட்சத்தைத் தாண்டாததால் அது அங்கேயே விசாரிக்கப்படும். எட்டு வீடுகளுக்குள் அடங்கும் சிறு கட்டடங்களில் வாங்கியவர்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஒரே நிவாரணத்தை இரண்டு இடங்களிலும் கேட்க முடியாது என்பதால், யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கோபத்தில் வங்கித் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் உங்கள் பெயரில் இருப்பதால், கட்டுநரின் தவறு வங்கிக்கு நீங்கள் சொல்லும் பதிலாகாது. மீதி 6 லட்சத்தையும் ஒப்பந்தத்தில் குறித்த கட்டம் வரும்போது செலுத்தத் தயார் என்று பதிவுத் தபாலில் எழுதி வையுங்கள். வாங்கியவர் தவணை தவறினால் அவரும் வட்டி தர வேண்டும் என்கிறது அதே சட்டம்.

காத்திருப்பதென முடிவு செய்தால், கட்டட நிறைவுச் சான்று இல்லாமல் சாவியை வாங்க வேண்டாம். சாவியோடு, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற கடிதத்தை நீட்டினால் மறுத்துவிடுங்கள். கிரயப் பத்திரம் பதிவானதாலேயே தாமத இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், பதிவை முடித்த பிறகும் வட்டியைக் கேட்கலாம்.