தூதுவளை கொண்டுபோன மாலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, அந்த ஊர் வானொலியில் இரவுதோறும் ஒரு பெண்மணி நடத்தும் நிகழ்ச்சியைக் கேட்டுப் பழகிவிட்டேன். நேயர்கள் தொலைபேசியில் தங்கள் துயரத்தைச் சொல்வார்கள். அவர் ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு அதற்கேற்ற பாடலைப் போடுவார். கடலூர் திரும்பிய பிறகும் விடிகாலையில் இணையத்தில் கேட்டுவந்தேன். போன மாதம் அந்த நிலையம் அவருடைய நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. இப்போது கணினியே பாடல்களை அடுக்கி ஒலிபரப்புகிறது. மூன்று நாட்கள் மனமே சரியில்லை. செலவைக் குறைக்கத்தான் இப்படிச் செய்கிறார்களா? நம் பக்கத்து எஃப்.எம். நிலையங்களுக்கும் இந்த நிலை வருமா? நேயர்கள் சேர்ந்து மனு அனுப்பினால் பயன் உண்டா?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமீது அப்பாவின் பழைய டிரான்சிஸ்டர் பிரித்துப் போட்டபடி கிடந்தது. பின்மூடியைக் கழற்றி, பேட்டரி உட்காரும் இடத்தில் பச்சை பூத்திருந்த சுருள்கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வேறொரு நாளில் வந்திருந்தால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருப்பேனா என்பது தெரியாது.

செலவுதான் காரணம். அதில் ஆராய ஒன்றுமில்லை. விளம்பரக்காரர்களின் பணம் காலையிலும் அலுவலகம் விடும் நேரத்திலும்தான் கொட்டுகிறது, இரவுக்கு வருவது சில்லறை. ஆனால் உங்களிடம் ஒன்றைக் கேட்காமல் விட முடியாது. நீங்கள் இழந்துவிட்டதாகச் சொல்லும் அந்தக் குரல் உங்கள் மகளின் ஊரிலிருந்தா பேசியது? எங்கோ ஓர் அறையில் இருந்து ஒருவர் பேசுவதை நாடெங்கும் உள்ள நிலையங்கள் வாங்கி ஒலிபரப்பும் சிண்டிகேஷன் முறை அது. அந்த அம்மையாருக்கு முன்பு அதே இரவு நேரத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் பேசியிருப்பார். தன் ஊரின் பனியையும் பாலத்தையும் பெயர் சொல்லிப் பேசியிருக்கக்கூடிய அவர் வெளியேறியபோது மனு எழுதியவர் யார்? ஒரு நிறுவனம் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அந்த நாட்டில் இருந்த வரம்பை 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கியது. அதன்பின் நிலையங்கள் சில கைகளில் குவிந்தன. ஊர்க்குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கணினி செய்தது இரண்டாவது வெளியேற்றம். முதல் வெளியேற்றத்தின் பயனைத்தான் நீங்கள் ஆறு மாதம் ரசித்துக் கேட்டீர்கள். உங்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். அது தாமதமாக வந்த வருத்தம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊருக்கு வருமா என்கிறீர்கள். வந்து நெடுநாளாயிற்று, ஐயா. ஒரு தனியார் நிறுவனம் ஒரே நிகழ்ச்சியைத் தன்னுடைய பல நிலையங்களில் ஒலிபரப்பிக்கொள்ளும் அனுமதி, நம் நாட்டில் முதலில் சி, டி என்று வகுக்கப்பட்ட சிறு நகரங்களுக்குத்தான் கிடைத்தது. 2011இல் வந்த, தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கான மூன்றாம் கட்டக் கொள்கை அதை எல்லா நகரங்களுக்கும் விரித்தது. அதாவது, சொந்தக் குரல் இல்லாமல் இருக்கலாம் என்று முதலில் முடிவுசெய்யப்பட்டது சிற்றூர்க்காரர்களைப் பற்றித்தான். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி சொல்லவும் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவே. பாட்டைத் தவிர அவர்களிடம் இருந்த ஒரே செல்வம், பேசுகிற ஆள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. மின்சாரம் இல்லை, எங்கள் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர். கைப்பேசியில் இயர்போனைச் செருகி எஃப்.எம். வைத்தேன். சென்னையிலிருந்து வந்த ஓர் இனிய குரல், மழை ஒருவழியாக விட்டுவிட்டது, சூடாக பஜ்ஜி போட்டுக்கொண்டு பாட்டுக் கேளுங்கள் என்றது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய சன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த அப்பாவின் டிரான்சிஸ்டர் நனைந்தது அந்த இரவில்தான்.

அப்பா புதுச்சேரியில் ரோடியர் மில் என்ற துணியாலையில் வேலை பார்த்தார். அது 1980கள், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்து, முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்து குளித்ததும் புதுச்சேரி வானொலியைத் திருப்புவார். மாலையில் நேயர் கடிதங்களைப் படிக்கும் அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். ஒருநாள் ஒரு கடிதத்தின் நடுவில் அவருக்கு இருமல் வந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மீதியைக் கம்மிய குரலில் படித்து முடித்தார். மறுநாளும் இருமல். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்த மனிதருக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே மருந்து சொன்னாள்: தூதுவளை, மிளகு, பனங்கற்கண்டு. பதினைந்து பைசா அஞ்சலட்டையில் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அடுத்த வாரம் அது படிக்கப்பட்டது. எங்கள் தெருப் பெயர் வானொலியில் வந்தபோது அம்மா ஓடிவந்தாள். நன்றி சொன்ன அறிவிப்பாளர், பனங்கற்கண்டு கிடைத்தது, தூதுவளைதான் எங்கும் அகப்படவில்லை என்று சேர்த்துச் சொன்னார். மறுநாள் அப்பா வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து முள் குத்தக் குத்த இலையைப் பறித்து, செய்தித்தாளில் பொதிந்து, நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சைக்கிள் மிதித்து, கோரிமேட்டு நிலையத்தின் வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே போகக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, முதல் கடிதத்தை எடுப்பதற்கு முன், தொண்டை இன்று தேவலை என்று மட்டும் அந்தக் குரல் சொன்னது. அப்பா வானொலியைப் பார்த்துத் தலையசைத்தார்.

உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஒருவர் இருந்தார் என்பதைத்தான் நீங்கள் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு மாலைதோறும் கவலைப்பட ஒருவர் இருந்தார். நாள் முழுக்கத் தறியின் இரைச்சலில் நின்றுவிட்டு வந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய பேறு என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கணினி அடுக்கும் பாடலுக்குத் தூதுவளை கொண்டுபோக முடியாது. ஆனால் சென்னைக் குரலுக்கும், உங்கள் அமெரிக்க அம்மையாருக்கும்கூட அவரால் சைக்கிளில் கொண்டுபோயிருக்க முடியாது.

மனு வேண்டாம். 1967இல் தொடங்கிய புதுச்சேரி வானொலியை நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது? உங்கள் வீட்டிலிருந்து அது அரை மணி, முக்கால் மணி நேரப் பேருந்துத் தூரம்தான். இன்று மாலை திருப்புங்கள். பேசுபவர் பெயரைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அஞ்சலட்டை ஐம்பது பைசா. அவர் பேசியதில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதிப் போடுங்கள். அவர் படித்தாரா என்பதை எனக்கும் ஒரு வரி தெரிவியுங்கள்.