சிக் கோல் அடிக்காதீங்க, களைப்புன்னே எழுதுங்க: பைலட் தம்பிக்காக ஒரு அக்கா கேட்ட கேள்வி

கேள்வி: அண்ணே, நாங்க கொட்டகலை பக்கம். தம்பி இரத்மலானையில பைலட்டுக்கு படிச்சிட்டு இப்ப மிடில் ஈஸ்ட்ல ஒரு பட்ஜெட் எயார்லைன்ல ஃபர்ஸ்ட் ஒஃபிஸரா, அதாவது துணை பைலட்டா இருக்கான். படிப்புக்கு எடுத்த லோன் இன்னும் முடியல. போன லீவுல வந்தவன் தூங்கிட்டே தான் இருந்தான், என்னடான்னு கேட்டா நைட் டியூட்டி அடுத்தடுத்து போடுறாங்க, சில நாள் லேண்டிங் நேரம் கண்ணு சொக்குதுன்றான். களைப்பா இருக்குன்னு எழுதிக் குடுக்குற ஃபட்டீக் ரிப்போர்ட்னு ஒன்னு இருக்காம், அத போட்டா பேர் கெட்டுரும்னு பயந்துகிட்டு முடியாத நாள்ல சுகமில்லன்னு போன் பண்ணி சிக் கோல் அடிச்சிட்டு படுத்துக்கிறானாம். இது சரியா? ரிப்போர்ட் போட்டா வேலை போயிருமா?

பதில்: தங்கச்சி, தம்பி பண்றது தலைகீழ். பேர் கெட்டுரக் கூடாதுன்னு சிக் கோல் அடிக்கிறான், பேர கெடுக்கிறதே அது தான். சிக் லீவு அடிக்கடி ஏறிச்சின்னா எச்ஆர்ல இருந்து லெட்டர் வரும், மெடிக்கல் கேப்பாங்க, அப்புறம் இல்லாத வருத்தத்துக்கு டொக்டர்ட்ட துண்டு வாங்கிட்டு திரியணும். இன்னொரு பக்கம் ரோஸ்டர், அதான் டியூட்டி அட்டவணை போடுறவர் கம்ப்யூட்டர்ல தெரியுறது ஒருத்தருக்கு சுகமில்லன்னு மட்டும் தான், அந்த நைட் டியூட்டி வரிசையில பிரச்சின இருக்குன்னு ஒரு எழுத்து கூட அதுல விழாது, அடுத்த மாசமும் அதே வரிசை அப்படியே வரும், இவனுக்கு இல்லாட்டி இன்னொருத்தனுக்கு. தராசுல நிறுக்காத தேயிலக் கொழுந்துக்கு தோட்டத்து சம்பளப் பதிவு செக்ரோல்ல பேர் விழுமா? அதே கத தான்.

வேலை போகுமான்னா, போகக் கூடாதுங்கிறது தான் விதி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பைலட்மாரு ஐகேயோன்னு சொல்லுவாங்க, அதோட அனெக்ஸ் 19, 2013ல வந்தது, ஒவ்வொரு நாடும் ரிப்போர்ட் பண்ணுறதுக்கு ஒரு சிஸ்டம் வச்சிருக்கணும், தானா முன்வந்து சொல்லுறவங்கள பாதுகாக்கணும்னு சொல்லுது. இதுக்கு ஜஸ்ட் கல்ச்சர்னு பேர். நல்லெண்ணத்தோட செஞ்ச தவறுக்கு தண்டனை இல்ல, ஆனா வேணும்னே ரூல்ஸ மீறுனா, கண்ணுமூக்கு தெரியாம அலட்சியமா நடந்தா காப்பாத்த மாட்டாங்க. எல்லா கம்பெனியும் இத மனசார செய்யுதான்னா, இல்ல. சுவத்துல போஸ்டர் ஒட்டிட்டு ரிப்போர்ட் போட்டவன கூப்பிட்டு ஏன் உனக்கு மட்டும் களைக்குதுன்னு கேக்குற மெனேஜர்மாரும் இருக்காங்க. அதனால தான் எப்படி எழுதுறதுங்கிறது முக்கியம், அதுக்கு பிறகு வாறேன்.

இந்த ரிப்போர்ட் பழக்கம் எங்க இருந்து வந்துச்சின்னு சொன்னா நம்ம ஊரு ஆளுங்களுக்கு சட்டுனு புரியும். 1974 டிசம்பர் 4, இந்தோனேசியாவுல இருந்து ஹஜ் யாத்திரைக்காரங்கள ஏத்திட்டு கொழும்புக்கு வந்த மார்ட்டின்எயார் டிசி-8 நோர்ட்டன்பிரிஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில மோதி 191 பேரும் செத்தது, பெரியவங்கள கேட்டா இப்பவும் சொல்லுவாங்க. அது களைப்பு கேஸ் இல்ல, எங்க பறக்குறோம்ங்கிறத தப்பா கணிச்சது. அதுக்கு மூனு நாள் முந்தி, டிசம்பர் 1ந் தேதி, அமெரிக்காவுல வர்ஜீனியாவுல டிடபிள்யூஏ 514 அதே மாதிரி மலையில மோதி 92 பேர் செத்தாங்க. விசாரிச்சி பாத்தா ஆறு வாரத்துக்கு முந்தி யுனைட்டட் எயார்லைன்ஸ் ப்ளேன் ஒன்னு அதே எயார்போர்ட்டுக்கு அதே மாதிரி சீக்கிரமா எறங்கி மயிரிழையில தப்பிச்சிருக்கு, அந்த பைலட்மாரு சொல்லியும் இருக்காங்க, ஆனா கம்பெனி தன்னோட பைலட்டுகளுக்கு மட்டும் சொல்லிட்டு விட்டிருச்சி. மத்த கம்பெனிக்காரனுக்கு தெரியவே இல்ல. அதுக்கு பிறகு தான் 1976ல நாசா கையில ஒரு ரிப்போர்ட் சிஸ்டத்த குடுத்தாங்க. லைசென்ஸ் குடுக்குற, தண்டம் போடுற அமெரிக்க விமான நிர்வாகம் எஃப்ஏஏ கையில குடுக்காம நாசாவுக்கு குடுத்ததே, சொல்லுறவன் பயப்படாம சொல்லணும்னு தான்.

இப்ப களைப்புக்கு வருவோம். சோம்பேறித்தனம் இல்ல இது. தூக்கம் குறைஞ்சது, ரொம்ப நேரம் முழிச்சிருந்தது, உடம்போட மணிக்கூடு, வேலைப்பளு, இந்த நாலும் தான் காரணம்னு ஐகேயோவே எழுதி வச்சிருக்கு. விடியக்காலம் 2ல இருந்து 6 வரைக்கும் உடம்பு தூங்குன்னு தான் சொல்லும், எவ்வளவு பெரிய கெப்டனா இருந்தாலும். 17 மணித்தியாலம் முழிச்சிருந்தா ரத்தத்துல 0.05 வீதம் அல்கஹோல் இருக்குற அளவுக்கு செயல் மந்தமாகுதுன்னு 1997லயே ஆராய்ச்சி பண்ணி காட்டிட்டாங்க. குடிச்சிட்டு வாறவன பிடிக்க மெஷின் இருக்கு, தூங்காம வாறவன பிடிக்க எந்த மெஷினும் இல்ல, அவனே சொன்னா தான் உண்டு. ஐரோப்பாவுல 28 நாளைக்கு 100 மணித்தியாலம், வருஷத்துக்கு 900 தான் பறக்கலாம், அமெரிக்காவுல டியூட்டிக்கு முந்தி 10 மணித்தியாலம் ரெஸ்ட், அதுல 8 மணித்தியாலம் தூங்க வாய்ப்பு இருக்கணும்னு சட்டம். நல்லது தான், ஆனா பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல, பக்கத்து ரூம் சத்தத்துல யாரு எட்டு மணித்தியாலம் தூங்குறா? சட்டப்படி சரியா இருக்குற ரோஸ்டர் உடம்புப்படி சரியா இருக்கணும்னு இல்ல.

2010 மே மாசம் மங்களூர்ல எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் ஓடுபாதைய தாண்டி விழுந்து 158 பேர் செத்தாங்களே, துபாயில இருந்து விடியக்காலம் வந்தது. வொய்ஸ் ரெக்கார்டர்ல கெப்டன் குறட்டை விடுற சத்தம் இருந்துச்சி, ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல தூங்கி எந்திரிச்ச கலக்கத்தோட லேண்டிங்குக்கு வந்திருக்காரு, பக்கத்துல இருந்த ஃபர்ஸ்ட் ஒஃபிஸர் எறங்காம மேல ஏறி சுத்திட்டு வருவோம்னு மூனு தடவ சொல்லியும் கேக்கல. தம்பியும் அந்த சீட்ல தான் உக்காந்திருக்கான்.

சரி, எப்படி எழுதுறது? ரோஸ்டர் மோசம், மனுஷன் செய்யுற வேலையா இதுன்னு எழுதுனா அத கம்ப்ளெய்ன்ட்னு தூக்கி ஓரமா வச்சிருவாங்க. இப்படி எழுத சொல்லுங்க: முந்தின நைட் டியூட்டி முடிஞ்சி காலைல 07:30க்கு ரூமுக்கு வந்தேன், 08:30ல இருந்து 12:15 வரைக்கும் தூக்கம், அதுக்கு பிறகு வரல. அடுத்த டியூட்டிக்கு ரிப்போர்ட்டிங் 22:10. திரும்பி வாற செக்டர்ல 04:15க்கு டிசென்ட் ஆரம்பிக்கும் போது முழிச்சி 16 மணித்தியாலம், சாம்-பெரெல்லி 6, ஏடிசி குடுத்த ஃப்ரீக்வென்சிய தப்பா செட் பண்ணேன், கெப்டன் கவனிச்சி திருத்துனாரு. அவ்வளவு தான். சாம்-பெரெல்லிங்கிறது 1ல இருந்து 7 வரைக்கும் களைப்புக்கு புள்ளி போடுற ஸ்கேல், செக்டர்னா ஒரு பறப்பு, டிசென்ட்னா கீழ எறங்கத் தொடங்குறது, ஏடிசின்னா தரையில இருந்து வழி சொல்லுற கன்ட்ரோல், தம்பிக்கு தெரிஞ்சிருக்கும். பேப்பர்ல பதினாலு மணித்தியாலத்துக்கு மேல ரெஸ்ட், தூங்குனது நாலு கூட இல்லைன்னு பாக்குறவருக்கு ஒரு நிமிஷத்துல விளங்கிரும். யாரையும் குத்தம் சொல்லாம நேரத்த மட்டும் எழுதுனா பதில் சொல்ல வேண்டியது ரோஸ்டர் தான், தம்பி இல்ல.

இது டியூட்டி முடிஞ்சி எழுதுறது. டியூட்டிக்கு முந்தியே முடியலன்னா அது வேற, அப்ப போன் எடுத்து ஃபட்டீக், ஃபிட் இல்லன்னே சொல்லணும், சிக்னு சொல்லக் கூடாது. பறக்கும் போது சொக்குதுன்னா கெப்டன்ட்ட வாய விட்டு சொல்லணும், கம்பெனி விதி அனுமதிச்சா சீட்லயே கொஞ்ச நேரம் முறைப்படி தூங்கலாம், மத்தவர் முழிச்சிருக்கணும். அத ஒழுங்கா செய்யாட்டி என்னாகும்னா, 2024 ஜனவரில கெண்டாரில இருந்து ஜகார்த்தாவுக்கு போன பாடிக் எயார்ல ரெண்டு பேருமே 28 நிமிஷம் தூங்கிட்டாங்க, 153 பயணிங்க உள்ள. ஃபர்ஸ்ட் ஒஃபிஸர் வீட்டுல ஒரு மாச ரெட்டப் புள்ளைங்க, தூக்கம் கெட்ட கத அங்க இருந்தே தொடங்குது.

வீட்டு பக்கம் உங்களுக்கும் வேலை இருக்கு, கோவிக்காதீங்க. அம்மா காலைல பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்ல சாப்டியாடான்னு கோல் எடுக்குற நேரம் அங்க துபாய் பக்கம்னா ஒன்பதரை, புள்ள இப்ப தான் கண்ண மூடியிருப்பான். அவன் ரோஸ்டர ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிட்டு தூங்குற நேரத்துல கோல் எடுக்காதீங்க. லீவு முடிஞ்சி போகும் போது கொட்டகலையில இருந்து கினிகத்தேனை, கித்துல்கலைன்னு ராத்திரி வேன்ல வளைஞ்சி வளைஞ்சி கட்டுநாயக்க போயி, ஃப்ளைட் ஏறி, எறங்குன அன்னைக்கே டியூட்டியா? 2009ல அமெரிக்காவுல பஃபலோ பக்கம் விழுந்த கோல்கன் எயார் 3407, 50 பேர் செத்தது, அந்த ஃபர்ஸ்ட் ஒஃபிஸர் முந்தின ராத்திரி பூரா சியாட்டில்ல இருந்து பயணம் பண்ணி வேலைக்கு வந்தவங்க. கல்யாணம், சடங்கு எதுவா இருந்தாலும் ஒரு நாள் முந்தியே அனுப்பிருங்க. தடிமனுக்கு பிரிட்டோன் குடுத்து விடாதீங்க, தூக்கம் வரும், எந்த மாத்திரையா இருந்தாலும் அவனோட ஏவியேஷன் டொக்டர்ட்ட கேக்கட்டும்.

ரிப்போர்ட் போட்டா ரெஃபரன்ஸ் நம்பர் ஒன்னு வரும், அதையும் அந்த மாச ரோஸ்டரையும் தன்னோட தூக்கக் கணக்கையும் சொந்த ஃபைல்ல எடுத்து வைக்க சொல்லுங்க, கம்பெனி லெப்டொப்ல மட்டும் வச்சிக்கிட்டா போதாது. ரோஸ்டர படம் எடுத்து ஃபேஸ்புக்ல, வாட்ஸ்அப் குரூப்ல போட்டுற வேணாம், அதுக்கு எந்த ஜஸ்ட் கல்ச்சரும் காவலுக்கு வராது. ரெண்டு மூனு கிழமையில பதில் வராட்டி நம்பர போட்டு திரும்ப கேக்கட்டும். அடுத்த ரோஸ்டர்லயும் அதே நைட் வரிசை வந்து அதே மாதிரி களைச்சா, பழைய நம்பர மேல எழுதிட்டு புதுசா இன்னொன்னு போடட்டும். அப்பவும் மெனேஜர் மெரட்டுனா அந்த நாட்டு சிவில் ஏவியேஷன் அதிகாரசபையோட ரிப்போர்ட் சிஸ்டத்துக்கு நேரா அனுப்பலாம், அப்ப இந்த ஃபைல் தான் கையில இருக்கணும்.