பெருவிரல் வளைந்த பிள்ளைக்குப் புடைப்பைச் சீவினால் போதுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மூளை முடக்குவாதத்தால் இரு கால்களிலும் தசை இறுக்கம் உள்ள அவருடைய 13 வயது மகள், ஸ்பிளிண்ட் (காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் உறை) அணிந்து தானாக நடக்கிறாள். வலது பெருவிரல் இரண்டாம் விரலின் அடியில் புகுந்துவிட்டது. அதன் அடிமூட்டு புடைத்து, ஸ்பிளிண்ட் உரசிப் புண்ணாகிறது. புடைப்பைச் சீவினால் போதும் என்கிறார் ஒரு மருத்துவர். மூட்டின் இரு எலும்புகளையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டும் என்கிறார் மற்றொருவர். மூட்டு அசையாமல் போனால் நடை கெட்டுவிடாதா?

அந்தப் புடைப்பு புதிதாக வளர்ந்த எலும்பு என்று பலரும் எண்ணுகிறார்கள், அது சரியன்று. பெருவிரல் வெளிப்பக்கமாகச் சாய்வதால், பாதத்தின் முதல் நீள எலும்பின் முனை உட்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. கெண்டைக்கால் தசை இறுகிக் குதிகாலை மேலே இழுக்க, பாதத்தின் நடுப்பகுதி சரிந்து தட்டையாகி வெளிப்புறம் திரும்ப, ஒவ்வொரு அடியிலும் உடலின் எடை பெருவிரலின் உள்விளிம்பில் விழுந்து அதை மேலும் தள்ளுகிறது. பெருவிரலை மற்ற விரல்களின் பக்கம் இழுக்கும் சிறு தசையின் இறுக்கமும் இதற்குத் துணைபோகிறது. இந்த விசைகளை அப்படியே விட்டுவிட்டுப் புடைப்பை மட்டும் சீவினால் விரல் மீண்டும் சாயும். மற்ற இளம் பருவத்தினருக்கு நல்ல பலன் தரும் எலும்பை வெட்டி நேராக்கும் சிகிச்சையும், தசை இறுக்கம் உள்ள பிள்ளைகளிடம் பல நேரங்களில் நிலைப்பதில்லை. அடிமூட்டை இணைப்பதே இவர்களுக்கு நீடித்த பலன் தருகிறது என்பதே என் கருத்தும்.

நடை குறித்த உங்கள் அச்சம் நியாயமானது. ஆயினும், இவ்வளவு சாய்ந்த விரல் தரையை உந்தித் தள்ளும் வேலையை ஏற்கெனவே இழந்திருக்கும். நுனிமூட்டின் அசைவை நாம் தொடுவதில்லை. விரலைச் சற்று மேல்நோக்கி வைத்து இணைப்பதால் உடல் அதன்மீது உருண்டு முன்னேற முடிகிறது. இந்தக் கோணத்தில்தான் அறுவை மருத்துவரின் கவனம் முழுவதும் இருக்க வேண்டும்: மிகத் தாழ்ந்தால் விரல் நுனி அழுந்தும், மிக உயர்ந்தால் காலணியின் மேற்புறம் உரசும்.

பெருவிரலின் முதல் எலும்பில் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளக் காரணமான குருத்தெலும்புப் பகுதி) இந்த மூட்டை ஒட்டியே இருப்பதால், பாதம் வளர்ந்து முடியும் தறுவாய் வரை காத்திருப்பது நல்லது. பெண் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் 14 வயதையொட்டி வருகிறது. ஆனால் வயதைக் காட்டிலும் எக்ஸ்ரேயை நம்புங்கள். அதுவரை ஸ்பிளிண்டின் உட்பக்கத்தை அகட்டி, மெத்தென்ற பட்டை வைத்துத் தரச் சொல்லுங்கள். புண்ணோ வலியோ இல்லாத பிள்ளைக்கு, தோற்றத்துக்காக மட்டும் அறுவை சிகிச்சை செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது குதிகாலைப் பற்றி. கெண்டைத் தசையை நீட்டுவதும் தட்டைப் பாதத்தைத் திருத்துவதும் தேவைப்பட்டால், அவற்றை ஒரே மயக்க மருந்தில் விரலோடு சேர்த்துச் செய்துவிடலாம். சரிந்த பாதத்தின்மீது செய்த இணைப்புக்கு ஆயுள் குறைவு. நின்ற நிலையில் எடுத்த பாத எக்ஸ்ரேயோடு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் தொடங்குங்கள். குழந்தைகளுக்கான எலும்பு அறுவை மருத்துவரின் கருத்து தேவைப்பட்டால் வேலூருக்கோ பெங்களூருக்கோ செல்லலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் இந்தச் சிகிச்சை சேருமா என்பதை, செல்லும் மருத்துவமனையிலேயே முன்கூட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறுவைக்குப் பின் ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் மாவுக்கட்டு இருக்கும். மகள் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவளாயின், அதன் பெயரை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கட்டுக்குள் தசை துடித்து இழுத்தால் வலி கூடும். அதற்கும் மருந்து உண்டு, கேட்டுப் பெறுங்கள். பாதத்தின் வடிவம் மாறிவிடுவதால் பழைய ஸ்பிளிண்ட் இனிப் பொருந்தாது. கட்டுப் பிரிக்கும் அன்றே புதியதற்கு அளவு எடுக்க ஏற்பாடு செய்துவிடுங்கள்.