ஜீன் சொல்லும், புரதம் செய்யும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளை வரிசையாக வைத்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பாதிப் பேர் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டி.என்.ஏ. என்பது செல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் ஆட்டிவைக்கும் முதலாளி என்ற நினைப்பு அது. உண்மையில் டி.என்.ஏ. தானாக ஒரு துரும்பையும் அசைக்காது. அதைப் பிரிப்பது, படிப்பது, நகலெடுப்பது, பழுது பார்ப்பது எல்லாம் புரதங்களின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் போகலாம்.

கேள்வி: டி.என்.ஏ., ஜீன், குரோமோசோம் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றா, வேறு வேறா?

டி.என்.ஏ. என்பது பொருளின் பெயர். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்ற நான்கு காரங்கள் வரிசையாகக் கோத்த இரட்டை நூல் அது. ஒரு இழையில் அடினைன் இருந்தால் எதிர் இழையில் தைமின், குவானைன் இருந்தால் எதிரே சைட்டோசைன். நான்கையும் எழுத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவை வரும் வரிசைதான் செய்தி. அந்த நீள நூலில் ஒரு புரதத்துக்கோ, டி.என்.ஏ.வின் நெருங்கிய உறவான ஓர் ஆர்.என்.ஏ.வுக்கோ உரிய செய்தி இருக்கும் பகுதி ஜீன். நூலை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிச் சுற்றிக் கட்டிவைத்தால் அந்தக் கட்டு குரோமோசோம். மனிதச் செல்லில் அப்படி 46 கட்டுகள். எல்லாவற்றையும் பிரித்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடைந்து கிடக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு.

கேள்வி: புரதம் என்றால் சாப்பாட்டில் இருக்கும் சத்து என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஜீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் மட்டுமில்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சத்துப் பட்டியலில் புரதம் என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவதால் வரும் குழப்பம் இது. செல்லைப் பொறுத்தவரை புரதம் ஒரு பொருள் அல்ல, பல்லாயிரம் வகைப்பட்ட கருவிகள். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். தோலையும் எலும்பையும் இழுத்துக் கட்டும் கொலாஜன் இன்னொன்று. கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி, தசையைச் சுருக்கும் ஆக்டின், மயோசின், செரிமான என்சைம்கள், இன்சுலின் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும்.

எல்லாமே 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த சங்கிலிகள். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். தசையில் ஸ்பிரிங் போல வேலை செய்யும் டைட்டினில் 34,000-க்கும் மேல். சங்கிலி உருவானதும் சும்மா தொங்கிக்கொண்டிருக்காது. தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் உள்ளே ஒதுங்கும், விரும்புபவை வெளியே நிற்கும், எதிரெதிர் மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று இழுக்கும். இப்படி மடிந்து மடிந்து ஒரு வடிவம் வரும். அந்த வடிவம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது. பூட்டின் பள்ளத்துக்கு ஏற்ற சாவி போல, ஒரு என்சைமின் பள்ளத்தில் எந்த மூலக்கூறு பொருந்துகிறதோ அதைத்தான் அது வெட்டும் அல்லது ஒட்டும். மடிவதற்கான செய்தி அமினோ அமில வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்று காட்டிய கிறிஸ்டியன் அன்ஃபின்சனுக்கு 1972-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வரிசையை எழுதி வைத்திருக்கும் இடம் ஜீன். சம்பந்தம் அவ்வளவுதான், ஆனால் அதுவே எல்லாம். நீங்கள் சாப்பிடும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உதிர்ந்துவிடும். உங்கள் செல்கள் அந்த மணிகளை எடுத்து, உங்கள் ஜீன் சொல்லும் வரிசையில் புதிதாகக் கோக்கும்.

கேள்வி: எழுத்து நான்குதான், அமினோ அமிலமோ இருபது. கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கிறது?

கணக்கு ஆசிரியர் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஓர் எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்றால் நான்குதான் முடியும். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16, அப்போதும் போதாது. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64, தாராளம். செல் மூன்று மூன்றாகத்தான் படிக்கிறது. 64-இல் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், மீதி மூன்றும் "இங்கே நிறுத்து" என்று சொல்லும். ஒரே அமினோ அமிலத்துக்குப் பல மும்மைகள் உண்டு. தமிழில் ஒரே பொருளுக்குப் பல சொல் இருப்பது போல.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. 1961-இல் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தாயும் பாக்டீரியாக்களை உடைத்து எடுத்த சாற்றில், யுராசில் என்ற ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ.வைப் போட்டார்கள். (தைமினுக்குப் பதிலாக ஆர்.என்.ஏ.வில் வரும் எழுத்து யுராசில்.) ஃபினைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தாலான சங்கிலி கிடைத்தது. அகராதியின் முதல் சொல் பிடிபட்டுவிட்டது! அடுத்த ஐந்து ஆண்டுகளில் மீதியும் பிடிபட்டது. அதில் பெரும்பங்கு ஹர் கோவிந்த் குரானாவுடையது. நிரன்பர்க், குரானா, ராபர்ட் ஹாலி மூவரும் 1968-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

செல்லுக்குள் நடப்பது இது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற என்சைம் ஜீனைப் பிரித்துப் படித்து, ஆர்.என்.ஏ.வில் ஒரு பிரதி எடுக்கும். தூது ஆர்.என்.ஏ. என்ற அந்தப் பிரதி உட்கருவை விட்டு வெளியே வந்து, புரதத்தைக் கோக்கும் கருவியான ரைபோசோமில் மாட்டிக்கொள்ளும். ரைபோசோம் அதை மும்மை மும்மையாக நகர்த்தும். ஒரு முனையில் மும்மையை அடையாளம் காணும் மூன்று எழுத்தும் மறுமுனையில் அமினோ அமிலமும் கொண்ட இடமாற்ற ஆர்.என்.ஏ.க்கள் ஒவ்வொன்றாக வந்து பொருந்த, சங்கிலி நீளும். பாக்டீரியாவில் இது நொடிக்கு 20 அமினோ அமிலம் வரை போகும். சரி, எந்த மும்மைக்கு எந்த அமினோ அமிலம் என்ற அகராதி எங்கே இருக்கிறது? டி.என்.ஏ.வில் தேடினால் அப்படி ஓர் அட்டவணை கிடைக்காது. இடமாற்ற ஆர்.என்.ஏ.யின் வாலில் சரியான அமினோ அமிலத்தை மாட்டிவிடும் என்சைம்கள் இருக்கின்றன. அவைதான் உண்மையான மொழிபெயர்ப்பாளர்கள். அவை ஆளை மாற்றி மாட்டினால் செய்தியின் பொருளே மாறிவிடும்.

இங்கே என் தலைப்பை நானே கொஞ்சம் திருத்தியாக வேண்டும். அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ரைபோசோமின் மையம் புரதம் இல்லை, ஆர்.என்.ஏ. ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகத் தீட்டிக் காட்டியதற்காக வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதத்தைச் செய்யும் கருவியின் இதயம் புரதமில்லை என்றால், உயிரின் தொடக்கத்தில் ஆர்.என்.ஏ.தான் முதலில் வந்திருக்குமோ என்று பலர் கருதுவதில் வியப்பில்லை.

கேள்வி: எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. என்கிறீர்கள். அப்படியானால் கல்லீரல் ஏன் கண்ணாக மாறுவதில்லை?

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. கல்லீரல் செல்லிலும் கண்ணுக்கான ஜீன்கள் பத்திரமாக இருக்கின்றன. படிக்கப்படுவதில்லை, அவ்வளவுதான். ஒரு ஜீன் படிக்கப்பட வேண்டுமானால் அதற்கு முன்னால் இருக்கும் பகுதியிலும், சில சமயம் வெகு தொலைவில் இருக்கும் பகுதிகளிலும் குறிப்பிட்ட புரதங்கள் வந்து உட்கார வேண்டும். அவை உட்கார்ந்தால்தான் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வேலையைத் தொடங்கும். கல்லீரலில் ஒரு கூட்டம் புரதங்கள், விழித்திரையில் வேறு கூட்டம். தேவைப்படாத ஜீன்கள் ஹிஸ்டோன்களில் இறுக்கிச் சுற்றப்பட்டு, கைக்கு எட்டாமல் கிடக்கும். டி.என்.ஏ.வின் மேல் ஒட்டிய மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் "இதைத் திறக்காதே" என்ற அடையாளத்தைச் செல் பிரிந்த பிறகும் மகள் செல்களுக்குக் கொண்டுபோகும்.

அந்தப் புரதங்களை உண்டாக்குவது எது? வேறு ஜீன்கள். அவற்றைத் தூண்டியது? அதற்கும் முந்தைய புரதங்கள். இப்படிப் பின்னோக்கிப் போனால் கருமுட்டையில் போய் நிற்போம். தாய் அதில் வைத்த புரதங்களும் ஆர்.என்.ஏ.க்களும், பிறகு பக்கத்துச் செல்கள் அனுப்பும் வேதிச் செய்திகளும் சேர்ந்துதான் யார் எதைப் படிப்பது என்று பிரித்துக்கொடுக்கின்றன.

மூடிவைத்த ஜீன் அழிந்துவிடவில்லை என்பதற்குச் சாட்சி உண்டு. 1962-இல் ஜான் கர்டன் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீங்கிய தவளை முட்டையில் வைத்தார். சிலவற்றிலிருந்து முழுத் தவளை வந்தது. 2006-இல் ஷின்யா யமனாகா இன்னும் நேரடியாகப் போனார். எலியின் முதிர்ந்த செல்லில் வெறும் நான்கு புரதங்களுக்கான ஜீன்களைச் செலுத்தி, அதைக் கரு நிலைச் செல் போல மாற்றிக் காட்டினார். இருவருக்கும் 2012-இல் நோபல் பரிசு.

"எல்லாச் செல்லிலும்" என்பதற்கு விலக்குகளும் உண்டு. முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டதும் உட்கருவை வெளியே தள்ளிவிடும். பழுது பார்க்க ஜீன் இல்லாததால் சுமார் 120 நாளில் ஆயுள் முடியும். ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணுக்களோ தங்கள் ஜீன்களை வெட்டி மாற்றி ஒட்டிக்கொள்கின்றன.

கேள்வி: டி.என்.ஏ.வில் 98 சதவீதம் குப்பை என்பது உண்மையா?

புரதத்துக்கான செய்தி 2 சதவீதத்துக்கும் குறைவு என்பது உண்மை. மனிதரிடம் புரதத்துக்கான ஜீன்கள் சுமார் 20,000. ஆனால் மீதி முழுவதும் குப்பை என்றால் தவறு, முழுவதும் பொக்கிஷம் என்றாலும் தவறு. மேலே சொன்ன திறப்பு-மூடல் பகுதிகள் அதில்தான் இருக்கின்றன. பழைய வைரஸ்களின் எச்சங்களும் தன்னைத்தானே பிரதி எடுத்துப் பரவிய துண்டுகளும் அதில்தான் கிடக்கின்றன. வெங்காயத்தின் டி.என்.ஏ. நம்முடையதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. வெங்காயம் நம்மைவிட ஐந்து மடங்கு சிக்கலான உயிர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி போட்டால் ஜீன் மாறிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர்.

மாறாது. அது ஒரு தூது ஆர்.என்.ஏ. ரைபோசோம் இருக்கும் இடத்தோடு அதன் பயணம் முடிகிறது, உட்கருவுக்குள் போகாது. அதை டி.என்.ஏ.வாக மாற்றிக் குரோமோசோமில் ஒட்டும் என்சைம்கள் எச்.ஐ.வி. போன்ற வைரஸ்களிடம் உண்டு. தடுப்பூசியில் கிடையாது. வைரஸின் ஒரு புரதத்தைச் செய்துவிட்டு அந்த ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும்.

கேள்வி: ஒரே ஓர் எழுத்து மாறினால் வியாதி வருமா? எனக்குள்ளும் அப்படி மாற்றங்கள் இருக்குமா?

இருக்கும், எல்லாரிடமும். ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத சுமார் 60 முதல் 70 புதிய எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவை தந்தை வழி வருபவை. விந்தணுக்களை உண்டாக்கும் செல்கள் ஆயுள் முழுவதும் பிரிந்துகொண்டே இருப்பதால் பிழைக்கு வாய்ப்பு அதிகம். பயப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை எதையும் செய்யாத இடங்களில் விழும். ஜீனுக்குள் விழுந்தாலும், ஒரே அமினோ அமிலத்துக்குப் பல மும்மைகள் இருப்பதால் பல சமயம் பொருள் மாறாது.

மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் இரத்தசோகையைப் பாருங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் வரவேண்டிய குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்துவிடுகிறது. ஜீனில் மாறியது ஓர் எழுத்துதான். குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டும், வேலின் ஒட்டாது. தண்ணீரிலிருந்து ஒளிந்துகொள்ள அது பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள பள்ளத்தில் போய்ப் பொருந்துகிறது. ஆக்சிஜனை இறக்கிவைத்த பிறகு இப்படி ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகிவிடும். வட்டமான அணு அரிவாள் போல வளைந்து, நுண்ணிய இரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த ஜீன் வந்தால்தான் இந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை, கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா நெடுங்காலம் இருந்த பகுதிகளில் இந்த ஜீன் நிலைத்ததற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவு நீளத்தைப் பிரதி எடுக்கும்போது பிழை இவ்வளவு குறைவாக இருப்பதே எனக்கு ஆச்சரியம். பிரதி எடுக்கும் என்சைம் தப்பான எழுத்தை வைத்தால் உடனே பின்வாங்கி அதை வெட்டி எறிகிறது. அதையும் தாண்டியவற்றைப் பிடிக்க இன்னொரு புரதக் குழு பின்னால் வருகிறது. கடைசியில் தப்புவது சுமார் நூறு கோடி எழுத்துக்கு ஒன்று.

கேள்வி: உயரத்துக்கான ஜீன், புத்திக்கான ஜீன் என்றெல்லாம் செய்தி வருகிறதே?

அப்படி எழுதுபவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஜீன் உயரத்தைச் சொல்லாது, புரதத்தைச் சொல்லும். உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2022-இல் வெளியான ஓர் ஆய்வு அதோடு தொடர்புள்ள 12,000-க்கும் மேற்பட்ட எழுத்து வேறுபாடுகளைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளி. இதோடு சிறுவயதில் கிடைத்த ஊட்டமும் பட்ட நோய்களும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: டி.என்.ஏ.வைக் கண்ணால் பார்க்க முடியுமா?

ஒரே ஓர் இரட்டை நூலை முடியாது, அதன் தடிமன் 2 நானோமீட்டர். கோடிக்கணக்கான செல்களிலிருந்து மொத்தமாக எடுத்தால் பார்க்கலாம். 1869-இல் ஃப்ரீட்ரிக் மீஷர் அப்படித்தான் எடுத்தார், அதுவும் மருத்துவமனையில் கழற்றிப்போட்ட கட்டுத்துணிகளில் இருந்த சீழிலிருந்து! நீங்கள் அவ்வளவு சிரமப்பட வேண்டாம். உப்புத் தண்ணீரை ஒரு நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துக் கண்ணாடிக் குவளையில் துப்புங்கள். கன்னத்தின் உட்புறச் செல்கள் அதில் வந்திருக்கும். சில சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலை விட்டு மெதுவாகக் கலக்குங்கள். செல்லின் கொழுப்புச் சவ்வு கரையும். அப்புறம் நன்றாகக் குளிரவைத்த ஆல்கஹாலைக் குவளையின் ஓரமாக, மேலே தனி அடுக்காக நிற்கும்படி ஊற்றுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளையாக, பஞ்சு நூல் போல மேலெழும்பும். ஆல்கஹால் ஊற்றிய பிறகு மட்டும் குவளையைக் குலுக்காதீர்கள், நூல் அறுந்துவிடும்.