ஸ்பைரல் பைண்டிங் வருகிறது, ஆய்வு வருவதில்லை

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ‘நீர் வளம்’ பற்றி ப்ராஜெக்ட் செய்யச் சொன்னேன். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட்அவுட்டை பைண்டிங் போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். இரண்டு கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள். ஆய்வு செய்ய எப்படிப் பழக்குவது?
– ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ‘நீர் வளம்’ என்று தலைப்பை மட்டும் கொடுத்தால் கடைக்குத்தான் போவார்கள். அதற்கான பக்கங்கள் அங்கே தயாராக இருக்கின்றன. நான்கு வார வேலை என்றால் முதல் வாரம் முழுவதையும் கேள்வியை உருவாக்கவே ஒதுக்குங்கள். அந்தக் கேள்விக்குப் பள்ளியிலோ தெருவிலோ விடை கிடைக்க வேண்டும், எண்ணவோ அளக்கவோ முடிய வேண்டும், ஒரு வாரத்துக்குள் அளந்து முடிய வேண்டும். ‘தண்ணீர் ஏன் வீணாகிறது?’ என்று எழுதி வந்தால் திருப்பிக் கொடுங்கள். ‘நம் பள்ளிக் குழாய்களில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் சொட்டி வீணாகிறது?’ என்று வந்தால் கையெழுத்துப் போடுங்கள். அளப்பதற்கு முன்பே தங்கள் ஊகத்தையும் அதன் கீழே எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் வாரம் படிப்பு. ஒரு தாளை நான்காகக் கிழித்தால் நான்கு சீட்டு. ஒரு சீட்டில் ஒரே ஒரு தகவல். மேலே நூலின் பெயர், பக்க எண். புத்தகத்தை மூடிவைத்த பிறகுதான் எழுத வேண்டும். திறந்தே வைத்திருந்தால் வாக்கியம் அப்படியே இறங்கிவிடும். ஆளுக்கு எட்டுச் சீட்டு போதும். பம்ப் ஆபரேட்டரிடம் பேசுவதாக இருந்தால் ஐந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதி உங்களிடம் காட்டட்டும்.

மூன்றாம் வாரம்தான் தடுமாறுவார்கள். சொட்டும் குழாயின் கீழ் ஒரு டம்ளரை 5 நிமிடம் வைத்து, சேர்ந்த நீரை இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியில் அளக்கலாம். 50 மில்லி என்றால் நிமிடத்துக்கு 10. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், ஆக 14.4 லிட்டர். ஆனால் மேல்நிலைத் தொட்டி நிரம்பியிருக்கும்போது அழுத்தம் கூடி வேகமாகச் சொட்டும். தொட்டி இறங்கியதும் குறையும். காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு அளந்தால் கணக்கு இடிக்கும். அதனால் ஒவ்வொரு குழாயையும் காலை, மதியம், மாலை என மூன்று முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். நேரத்தையும் எழுதவேண்டும். அளவுகளை எழுதும் பதிவேட்டில் பேனா மட்டும்தான். ‘பொருந்தாத’ எண்ணை அழித்து அழகாக்கும் பழக்கம் பென்சிலோடுதான் வருகிறது (பெற்றோர் சிலருக்கும் இது உண்டு). தப்பாகத் தெரிந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதட்டும்.

நான்காம் வாரம் அறிக்கை. அதில் முதலில் அட்டவணை, பிறகு அது என்ன சொல்கிறது, ஊகம் சரியா இல்லையா. முன்னுரை கடைசியில். ஆறு பக்கம் தாண்ட வேண்டாம், கையெழுத்தில்தான்.

மதிப்பெண்ணைப் பிரிக்காவிட்டால் இத்தனையும் வீண். 20 என்றால் கேள்விக்கு 3, சீட்டுகளுக்கு 5, பதிவேட்டுக்கு 6, அறிக்கைக்கு 4, வாய்மொழிக்கு 2. அந்தந்த வாரமே போட்டுவிடுங்கள். ஊகம் பொய்த்ததற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த முறை எண்ணைத்தான் திருத்துவார்கள். வாய்மொழியில் ஒன்று கேட்டால் போதும்: “இந்த எண் எப்படி வந்தது?”