படிக்கட்டில் நான், வீடியோவில் அம்மா

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 37. திருநெல்வேலிப் பக்கம். சென்னையில் ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தில் பதிமூன்று வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். கடைசியில் எனக்குக் கீழே ஆறு பேர். மனைவிக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் மென்பொருள் வேலை கிடைத்தது. போன பிப்ரவரியில் நானும் மூன்றரை வயது மகளும் உடன் வந்தோம். போகலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். அதனால் இப்போது குறை சொல்லவும் வாயில்லை.

முதல் நாலைந்து மாதம் எல்லாமே வேடிக்கையாக இருந்தது. காலி தண்ணீர் பாட்டிலைக் கடை மெஷினில் போட்டு 25 சென்ட் திரும்ப வாங்குவதுகூட விளையாட்டுதான். அப்புறம் எங்கே மாறியது என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சட்னிக்கு மிக்ஸி போட்டேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை, முகம் மட்டும் புரிந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை இரவே அரைத்து வைத்துவிடுகிறேன்.

எட்டு மணிக்கு மகளைக் கிட்டாவில் (இங்கே மழலையர் காப்பகத்துக்கு அப்படித்தான் பெயர்) விட்டால் மூன்று மணிக்குத்தான் கூட்டி வர வேண்டும். நடுவில் ஏழு மணி நேரம் போன்தான் துணை. குளிர்காலத்தில் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே சாயங்காலம் ஆறு ஆனால் அங்கே பத்தரை, அம்மா படுத்துவிடுவாள். மகள் ஜெர்மன் வார்த்தைகளை எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் ஏதாவது சொன்னால், “அப்பா, அப்படி இல்ல” என்று திருத்துகிறாள்.

இங்கே ‘கேர்வோஹே’ என்று ஒன்று உண்டு. எங்கள் தளத்தில் இரண்டு வீடு. வாரம் மாற்றி வாரம் யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். அவர்கள் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். போன வாரம் நான் கூட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வீடியோவில் வந்தாள். துடைப்பத்தைப் பார்த்துவிட்டு, “அங்க போயும் படியா கூட்டுத, ராசா?” என்றாள். அண்ணன் பின்னால் நின்று சிரித்தான். போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. இதை மனைவியிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களிடம், “ஆன்லைனில் கணக்கு வேலை பார்க்கிறேன்” என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி ஒரு வேலை கிடையாது. திரும்பிப் போய்விடலாமா என்று தினமும் தோன்றுகிறது.

- பெயர் வேண்டாமே, ஸ்டுட்கார்ட்

அன்புள்ள நண்பருக்கு,

பதினொரு மாதம் ஆகியும் ஒட்டவில்லையே என்ற கவலை வரிக்கு வரி தெரிகிறது. 1955-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்வெர்ரே லிஸ்கோர் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்காவில் தங்கிவிட்டு வந்த சுமார் 200 நார்வே நாட்டவரிடம் விசாரித்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு ஒட்டியிருந்தார்கள். ஆறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் ரொம்பத் தடுமாறியிருந்தார்கள். எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது. வந்த முதல் வாரமே தவித்துப்போகிறவர்களும் உண்டு. ஆனாலும் பாட்டில் மெஷினை வேடிக்கையாகப் பார்த்தவரும், இப்போது மிக்ஸி போடவே பயப்படுகிறவரும் ஒரே மனிதர்தான் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது குளிரோ இருட்டோ இல்லை, அந்தப் படிக்கட்டு. துடைப்பத்தை எடுத்தபோது உங்களுக்கு வெட்கமாக இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. அம்மா பார்த்த பிறகுதான் அது வெட்கமானது. கேர்வோஹே அந்தப் பகுதியில் பல நூறு ஆண்டுப் பழக்கம். 1988 வரை நகராட்சி விதியாகவே இருந்தது, இப்போது வாடகை ஒப்பந்தத்திலும் வீட்டு விதிகளிலும் தொடர்கிறது. டாக்டர் குடியிருந்தாலும் பலகை வந்தால் அவர் கூட்டுவார், அல்லது ஆள் வைப்பார். உங்களுக்கு இது தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிடம் நீங்கள் அம்மாவின் கண்ணை வாங்கி உங்களையே பார்த்துக்கொண்டீர்கள். எனக்குத் தோன்றுவது, நாள் முழுக்க இதுதான் நடக்கிறது. உடம்பு ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறது. மதிப்பெண் போடுகிறவர்கள் எல்லோரும் திருநெல்வேலியில்.

மனைவி சம்பாதிக்க, கணவன் பிள்ளையைக் கூட்டிப் போகிற ஏற்பாடு நம் வீடுகளில் இன்னும் கிண்டலுக்குரிய விஷயம்தான். இதே கடிதத்தைப் பெண்கள் எனக்கு எத்தனையோ முறை எழுதியிருக்கிறார்கள். வேலையை விட்டு, கணவர் பின்னால் போய், நாலு சுவருக்குள் உட்கார்ந்தவர்கள். அவர்களை யாரும் கிண்டல் செய்வதில்லை. அது இயல்பு என்று விட்டுவிடுகிறோம். வலி ஒன்றுதான். உங்களுக்குக் கூடுதலாக இருப்பது அந்த இல்லாத ஆன்லைன் வேலை. ‘இன்னைக்கு வேலை எப்படி?’ என்று யாராவது கேட்டால் புதிதாக ஒன்று சேர்க்க வேண்டும். உங்களைச் சோர்வாக்குவதில் பாதி இந்தப் பொய்யைக் காப்பாற்றும் உழைப்பு என்று நினைக்கிறேன். எல்லோரிடமும் உடைக்க வேண்டாம். முதலில் மனைவியிடம், படிக்கட்டில் அழுததைச் சொல்லுங்கள். அவர் ஊகித்திருக்கவும் கூடும், நீங்கள் வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கவும் கூடும். அப்புறம் அண்ணன். சிரித்தவரிடமே சொல்வது கஷ்டம்தான், ஆனால் அவருக்குத் தெரிந்த பிறகு உங்களுக்கு மறைக்க ஒன்றுமிருக்காது.

போனை விடச் சொல்ல மாட்டேன். காலை எட்டரை முதல் பன்னிரண்டு வரை மட்டும் போனில் ஊருக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு வகுப்பு. ஆப்பில் தனியாகப் படிப்பதை நான் சொல்லவில்லை. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்வி மையத்தில், நாலு பேருடன் உட்கார்ந்து தப்பாகப் பேசுகிற வகுப்பு. சிரியாவிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ வந்த ஒருவர், நீங்கள் ஒருநாள் வராவிட்டால், “நேற்று எங்கே?” என்று கேட்பார். ஓர் ஊரில் நம்மை எதிர்பார்க்க ஒரு ஆள் இருப்பதைத்தான் ஒட்டுவது என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். உங்கள் மனைவி ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதி) வந்திருந்தால், துணைக்கு வேலை செய்யத் தனி அனுமதி தேவையில்லை. ஆகவே உங்களைத் தடுப்பது மொழிதான், சட்டம் இல்லை. பதிமூன்று வருடக் கணக்கு அனுபவம் காத்திருக்கும், கெட்டுப்போகாது. முதல் வேலை பழைய நாற்காலியைவிடத் தாழ்வாக இருக்கலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் கற்ற ஜெர்மனை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசப்போனால் மறுபடி குழம்புவீர்கள். அவர்கள் பேசுவது ஸ்வேபிய வழக்கு, அந்தப் பகுதியின் வட்டார ஜெர்மன். செய்தி வாசிக்கிற தமிழைக் கற்றுக்கொண்டு நாங்குநேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மாதிரி. ஆனால் உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: அவர்களும் சொல்லுக்குச் சொல் ‘லே’ போடுகிறவர்கள். ‘கொஞ்சம்’ என்பதற்கு ‘பிஸ்லே’. செல்லமாகச் சுருக்கிச் சொல்லும் விகுதி அது. மகளுக்கு இது கிட்டாவிலேயே பழகியிருக்கும். அவள் திருத்தினால் திருத்தட்டும். வீட்டில் ஒரு டீச்சர் இலவசம்.

குளிர்காலத்தில் மதியம் பன்னிரண்டுக்கு அரை மணி நேரம் வெளியே நடங்கள், வெயில் இல்லாவிட்டாலும் வெளிச்சம் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், குடும்ப மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். உளசிகிச்சைக்கு அங்கே காத்திருப்பு மாதக் கணக்கில் நீளும். 116117 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்டால் முதல் ஆலோசனைக்கு நேரம் வாங்கித் தருவார்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே மனைவியிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

திரும்பிப் போவதும் ஒரு வழிதான், அவமானம் இல்லை. ஆனால் ஜனவரியில் முடிவெடுக்க வேண்டாம். ஜூனில், இரவு ஒன்பதுக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்போது, மனைவியுடன் உட்கார்ந்து பேசுங்கள்.

இரண்டு வீடு என்றால் அடுத்த வாரமே பலகை மறுபடி உங்கள் கதவுக்கு வந்துவிடும். அப்போது அம்மா வீடியோவில் வந்தால் போனைத் திருப்பி அந்தப் பலகையைக் காட்டுங்கள். “இந்த வாரம் நம்ம முறை, அம்மா. போன வாரம் எதிர்வீட்டுக்காரர்” என்று சொல்லுங்கள். வாசல் தெளிக்கிற கைக்கு அது புரியும். பதிலுக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.