ஒரு பக்கம் மட்டும் ஓடும் ராஜ்தூத்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அப்பா வைத்திருந்த 1986 மாடல் ராஜ்தூத் 350 இரண்டு வருடமாக ஷெட்டில் கிடந்தது. பழைய பேட்டரியையே சார்ஜ் ஏற்றிப் போட்டேன், ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐடிலிங்கில் இடது பக்க சிலிண்டர் ஓடவே இல்லை, அந்தப் பக்க சைலன்சர் குழாயைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஆக்சிலேட்டரை முறுக்கி 3,500 ஆர்பிஎம்-க்கு மேல் போனால் திடீரென்று பிடித்துக்கொண்டு வண்டி பாய்கிறது. நான்கு பிளக் மாற்றிவிட்டேன். ஒரு மெக்கானிக் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) போய்விட்டது என்கிறார், இன்னொருவர் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) என்கிறார். யாரை நம்புவது? (ஈரோடு வாசகர்)

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். கையில் பணம் இருக்கும் வரை பிளக், காயில், பிஸ்டன் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போகலாம், கடைசியில் எதனால் சரியானது என்றே தெரியாது. உங்கள் வண்டியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-லிருந்து ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே தயாரித்த இந்த 347 சிசி யமஹாவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கார்பரேட்டர், தனி பாயின்ட் (பொறி விழும் நேரத்தை முடிவு செய்யும் சுவிட்ச்), தனி கண்டன்சர் (பாயின்ட் தீய்ந்துபோகாமல் காப்பது), தனி காயில். அதாவது கெட்ட பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் அரை அடி தூரத்திலேயே இருக்கிறது. ஒரு பொருளை அந்தப் பக்கம் போடுங்கள், கோளாறும் கூடவே போகிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருள் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

நான்கு பிளக் மாற்றினீர்களே, கழற்றிய பிளக் ஈரமா, காய்ந்திருந்ததா என்று எழுதவில்லை. பாதி பதில் அதில்தான் இருக்கிறது. வண்டி சூடானதும் சோக்கை ஆஃப் செய்துவிட்டு இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள், சாவியை அணைத்து உடனே இடது பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்து கிடந்தால் அந்தப் பக்கம் பெட்ரோல் போகவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை.

காய்ந்திருந்தால் நான் சந்தேகப்படுவது ஸ்லோ ஜெட்டை. ஐடிலிங்கிலும் ஆக்சிலேட்டரை லேசாகத் திறக்கும்போதும் பெட்ரோல் தருவது அந்தச் சின்னத் துளைதான். நன்றாகத் திறந்த பிறகு நீடிலும் மெயின் ஜெட்டும் வேலையை எடுத்துக்கொள்ளும். 3,500-க்கு மேல் பிடிக்கிறது என்று நீங்கள் சொன்னது இதோடு அப்படியே பொருந்துகிறது. இரண்டு வருடம் நின்ற வண்டியில் கார்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் வற்றிப் பிசின் மாதிரி ஆகி அந்தத் துளையை அடைத்திருக்கும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். கார்ப் கிளீனர் அடித்து, ஏர் கம்ப்ரஸரில் ஊதுங்கள், தயவுசெய்து ஊசியை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அப்புறம் ஜெட்டையே மாற்ற வேண்டியதுதான். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, அதிலிருந்து பெட்ரோல் போகும் பாதையையும் ஊத வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே முறுக்கி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெட் சுத்தமாக இருந்தும் மிஸ்ஸிங் (சிலிண்டர் எரியாமல் விடுவது) போகவில்லையா? கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். கார்பரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் துப்பினால் ரீட் வால்வு (பெட்ரோல் கலவை திரும்பி வராமல் தடுக்கும் மெல்லிய தகடு) இதழ் உடைந்திருக்கலாம். அப்புறம் இந்த வண்டியில் ஒரே ஆக்சிலேட்டர் கேபிள் பிரிந்து இரண்டு கார்பரேட்டருக்கும் போகிறது, இரண்டு ஸ்லைடும் (கார்பரேட்டருக்குள் ஏறி இறங்கும் கதவு) ஒரே நேரத்தில் தூக்குகிறதா என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி விரலை வைத்தே பார்த்துவிடலாம்.

பிளக் நனைந்திருந்தால் கரண்ட் பக்கம் போங்கள். முதலில் பிளக் கேப். அது வயரில் திருகித்தான் நிற்கிறது, கழற்றி வயர் நுனியில் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி திருகினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அடுத்தது பாயின்ட். இடைவெளி 0.3-லிருந்து 0.4 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். வண்டி ஓடும்போது பாயின்டில் பெரிதாகப் பொறி பறந்தால் கண்டன்சர் போயிருக்கிறது.

காயிலை மாற்றிப் பார்க்க ஒரு எச்சரிக்கை. பிளக் வயரை மட்டும் இடது வலது மாற்றிப் போடாதீர்கள். இரண்டு பிஸ்டனும் 180 டிகிரி எதிரெதிரே ஓடுகின்றன, தப்பான நேரத்தில் பொறி விழுந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். நான் ஒருமுறை அப்படிச் செய்து இரண்டு நாள் நொண்டியிருக்கிறேன். பாயின்டிலிருந்து காயிலுக்கு வரும் வயரையும் சேர்த்து மாற்ற வேண்டும், அப்போதுதான் வலது காயில் இடது சிலிண்டருக்குச் சரியான நேரத்தில் வேலை செய்யும். மிஸ்ஸிங் வலது பக்கம் போய்விட்டால் முதல் மெக்கானிக் சொன்னது சரி. போகாவிட்டால் காயிலுக்குக் கொடுக்கவிருந்த பணம் மிச்சம். இன்னொன்று, பொறி பார்க்கும்போது பிளக்கை இன்ஜின் உலோகத்தில் அழுத்தி வையுங்கள், பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

அந்தப் பழைய பேட்டரியும் எனக்கு உறுத்துகிறது. இந்த வண்டியில் ஐடிலிங்கில் சார்ஜ் சரியாக ஏறாது, பொறிக்கான கரண்ட் முழுக்க பேட்டரியிலிருந்துதான். ஹெட்லைட்டைப் போட்டதும் மிஸ்ஸிங் அதிகமானால், நல்ல பேட்டரி ஒன்றை யாரிடமாவது வாங்கி மாட்டிப் பாருங்கள்.

ரீபோர் கடைசி. தேய்ந்த சிலிண்டரும் ஐடிலிங்கில் தூங்கிவிட்டு வேகத்தில் விழிக்கும் என்பது உண்மைதான், அதனால் இரண்டாவது மெக்கானிக்கை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹெட்டைத் திறக்காமலேயே தெரிந்துகொள்ளலாம். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, கம்ப்ரஷன் கேஜ் வைத்து முள் ஏறுவது நிற்கும் வரை கிக் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் ரீபோர் பேச்சே வேண்டாம்.

கேள்வி: அதே வண்டிதான் என்னிடமும். வலது சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை தள்ளுகிறது, பிளக் எண்ணெயில் ஊறிப்போகிறது. இன்ஜினுக்குள் ஆயில் அனுப்பும் ஆயில் பம்ப் அதிகமாக விடுகிறதா? (மதுரை வாசகர்)

பதில்: பம்ப்பைத் தொடுவதற்கு முன் கியர்பாக்ஸ் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் வலது பக்க கிராங்க் ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது, கிளட்ச் இருக்கும் பக்கம் அதுதான், அங்கிருந்து ஆயிலை இன்ஜின் உறிஞ்சுகிறது. பிளக் எத்தனை மாற்றினாலும் பயனில்லை. இடது பக்க சீல் போனால் புகை வராது, காற்று உள்ளே போகும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காது. அது பிஸ்டனையே ஜாம் ஆக்கிவிடும் என்பதால் சீல் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.